பிரிட்டிஷ் பண்பாட்டுக் கலை வாரம்: கொடித் தோரணத்தை விட்டால் வேறென்ன செய்யலாம்?

நீலத்தூரிகை:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஒரு பிரைமரி பள்ளிக்கூடம். ரிசப்ஷன் (நாலு வயசில் சேரும் முதல் வகுப்பு) முதல் இயர் 6 வரை ஏழு வகுப்பு, வகுப்புக்கு முப்பது பிள்ளைகள். ஜூன் கடைசி வாரம் முழுக்கக் கலை வாரம், தலைப்பு ‘பிரிட்டிஷ் பண்பாடு’. வெள்ளி பின்னேரம் இரண்டு மணிக்குப் பெற்றோர் ஹாலுக்கு வந்து பார்ப்பார்கள். மொத்தச் செலவுக்கு 400 பவுண்ட்.

போன தடவைக்கான திட்டத்தாள் கையில் இருக்கிறது: யூனியன் கொடித் தோரணம், அட்டைக் கிரீடம், அட்டையில் பிக் பென், கடைசியில் ஸ்கோனும் தேநீரும். ஹெட் டீச்சர் ‘இது கலை இல்லை, அலங்காரம்’ என்று சொல்லிவிட்டார். சரியாகத்தான் சொல்கிறார்.

கேட்க வேண்டியவை இவை. ஏழு வகுப்புக்கும் எதை எதைக் கொடுக்கலாம்? வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் பாணி அச்சு வேலையை முப்பது பேர் உள்ள வகுப்பில் எப்படி நடத்துவது? கம்பத்தைச் சுற்றி ரிப்பன் பின்னும் மேபோல் நடனத்தை நாலே நாளில் சொல்லிக்கொடுக்க முடியுமா? இங்கிலாந்து மட்டும் என்று ஆகாமல் வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து எல்லாம் வர வேண்டும். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

வண்ணக்கிண்ணம்:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துப் பள்ளிகளுக்குக் கல்வித் துறை 2014 நவம்பரில் கொடுத்த வழிகாட்டியில் இருப்பது ‘அடிப்படை பிரிட்டிஷ் விழுமியங்கள்’: ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனிதச் சுதந்திரம், வெவ்வேறு சமயத்தாரிடம் மதிப்பும் சகிப்பும். அது வேறு, பண்பாடு வேறு. விழுமியத்தைப் படமாக வரையச் சொன்னால் கை குலுக்கும் இரண்டு கை, ஒரு தராசு, அவ்வளவுதான் வரும். அதை வேலை நடக்கும் விதத்தில் வையுங்கள். வகுப்பு அச்சிடப்போகும் இரண்டு நிறத்தைப் பிள்ளைகளே இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கட்டும். எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதி ஒரு படம் எடுத்து வைத்தால் அதற்கான ஆதாரமும் ஆயிற்று.

திட்டத்தைப் பொறுத்தவரை ஒரு வகுப்புக்கு ஒரே வேலை. திங்கள் முதல் வியாழன் வரை அதையே செய்யட்டும். தினம் ஒரு புதுப் பொருள் என்று வைத்தால் எதுவும் காயாது, எதுவும் முடியாது. கீழே உள்ள பங்கீடு சரிவரும்:

ரிசப்ஷன் – வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் கோஸ்வே, காகிதத் தூண்கள்
இயர் 1 – நொட்டிங் ஹில் கார்னிவல் தலையணி
இயர் 2 – ஓவியர் லௌரியின் தொழிற்சாலைத் தெரு, ஓவியம்
இயர் 3 – வேல்ஸ் காதல் கரண்டி, களிமண்
இயர் 4 – ஸ்கொட்லாந்தின் கட்டம் போட்ட டார்ட்டன் துணி, அட்டைத் தறி நெசவு
இயர் 5 – மோரிஸ் அச்சு
இயர் 6 – சிற்பி பார்பரா ஹெப்வொர்த், சவர்க்காரச் சிற்பம்

ரிசப்ஷன் வேலை சின்னது. ஏ4 தாளை அகலவாக்கில் 4 சென்டிமீட்டர் வீதம் ஆறு மடிப்பு, ஒட்டுவதற்கு ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். ஒட்டினால் அறுகோணக் குழாய். உயரத்தை 5 முதல் 20 சென்டிமீட்டர் வரை மாற்றி மாற்றி வெட்டி அடுக்கினால் அங்குள்ள ஏறத்தாழ 40,000 பாறைத் தூண்களின் சாயல் வந்துவிடும். மடிப்புக் கோட்டைப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே அழுத்தி வைக்க வேண்டும். நாலு வயசுக் கைக்கு அது நேராக வராது.

இனி மோரிஸ். 1834இல் வோல்தம்ஸ்டோவில் பிறந்தவர். அவருடைய ‘ஸ்ட்ரோபெரி தீஃப்’ 1883. கெல்ம்ஸ்கொட் வீட்டுத் தோட்டத்தில் பழம் திருடிய பறவைகள்தான் அதில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்ட அதுவே போதும்: பறவைகள் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிராக நிற்கும், இலைகள் இடைவெளியை நிரப்பும், ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வரும்.

அச்சுக்கு மென்மையான பொலிஸ்டைரீன் தகடு, 10க்கு 10 சென்டிமீட்டர். மழுங்கிய பென்சிலால் அழுத்தி வரைய வேண்டும். கூரான பென்சில் தகட்டைக் கிழிக்கும், மெதுவாகத் தேய்த்தால் கோடு பதியாது. நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது பள்ளம் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு. வரைந்தது இடவலம் மாறி அச்சாகும். எழுத்து வைக்க ஆசைப்படும் பிள்ளைக்கு அதை முதலே சொல்லிவிடுங்கள்.

மை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீரில் கழுவக்கூடிய அச்சு மையையே வாங்குங்கள். ரெடிமிக்ஸ் பெயிண்டை ரோலரில் தடவினால் அது பள்ளத்துக்குள் வழியும், படம் மறைந்துவிடும். ஒரு வகுப்புக்கு நிறத்துக்கு 300 மில்லி டியூப் ஒன்று தாராளம். தட்டில் சின்ன விரல் நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கி, ரோலரை நாலு திசையிலும் உருட்டுங்கள். ஒட்டுநாடாவை மெல்ல உரிக்கும்போது கேட்குமே, அந்தச் சரசரப்பு வந்தால் மை பதம். சளசளவென்று கேட்டால் மை கூடிப்போயிற்று.

முப்பது பேர் வகுப்பில் வில்லங்கம் மையில் இல்லை, காயவைக்கும் இடத்தில். ஆளுக்கு நாலு அச்சு என்றால் 120 தாள். எந்த ரேக்கும் தாங்காது. அதனால் தனித் தாளையே விட்டுவிடுங்கள். சுவருக்கு ஒட்டும் லைனிங் பேப்பர் சுருள் 56 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். இரு பக்கமும் 3 சென்டிமீட்டர் விட்டால் குறுக்கே ஐந்து அச்சு சரியாக உட்காரும். 120 அச்சுக்கு 24 வரிசை, அதாவது 2.4 மீட்டர். ஒரே சுருளில் வேலை முடிந்து மிச்சமும் இருக்கும். ஹாலில் தொங்கவிட்டால் உண்மையான சுவர்த்தாள் மாதிரியே இருக்கும். மோரிஸ் செய்ததும் அதைத்தானே!

பென்சிலால் 10 சென்டிமீட்டர் கட்டம் லேசாகப் போட்டு வையுங்கள். ஒரு நேரத்தில் பத்துப் பேர், மை தடவ ஐந்து இடம், இரண்டு பேருக்கு ஒரு ரோலர். மீதி இருபது பேர் வடிவம் வரைவதிலும் தகட்டில் அழுத்துவதிலும் இருக்கட்டும். மை தடவும் மேசையும் அச்சுப் போடும் மேசையும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்றாக வைத்தால் ஐந்தாம் நிமிடம் எல்லாத் தாளிலும் கைரேகை.

பின்னல்கோல்:

மேபோல் நாலு நாளில் முடியும், முப்பது நிமிடம் வீதம். ஆனால் முப்பது பேரையும் கம்பத்தைச் சுற்றி நிறுத்த வேண்டாம். பதினாறு பேர் போதும். மற்றவர்கள் தாளக்காரர், அடுத்த சுற்றில் மாறிக்கொள்ளலாம்.

பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே மேலிருந்து தொங்கும் கயிறு, இங்கே கம்பத்து உச்சியிலிருந்து ரிப்பன். கையில் கோல் கிடையாது. போட்ட பின்னலை அதே வழியில் திரும்பி ஆடிப் பிரிப்பது இரண்டுக்கும் ஒன்று. (அதற்காக ‘எங்களிடமிருந்து போனது’ என்று பிள்ளைகளிடம் கதை விட வேண்டாம். ஒற்றுமையைக் காட்டுங்கள், போதும்.)

பள்ளிக்கூடக் கம்பம் ஏறத்தாழ 3 மீட்டர். ரிப்பன் கம்பத்தை விட அரை மீட்டராவது நீளமாக இருக்க வேண்டும். ஆட்கள் இரட்டைப்படை எண்ணில். ஒற்றை எண்காரருக்கு ஒரு நிறம், இரட்டை எண்காரருக்கு வேறு நிறம், மணிக்கட்டில் அதே நிறத்தில் ஒரு துணிப்பட்டி. ‘சிவப்பு உள்ளே, நீலம் வெளியே’ என்று கூப்பிட அது உதவும். பெயர் சொல்லிக் கூப்பிட நேரம் இருக்காது.

முதல் நாள் ரிப்பனே வேண்டாம். வட்டமாக நின்று ஒற்றைகள் வலமாகவும் இரட்டைகள் இடமாகவும் எதிரெதிராக வந்து, முதல் ஆளுக்கு உள்ளே, அடுத்த ஆளுக்கு வெளியே, உள்ளே, வெளியே என்று பாம்பு மாதிரி நெளிந்து நடக்கட்டும். நடந்தால் போதும், குதிக்க வேண்டாம். இரண்டாம் நாள் ரிப்பனோடு ‘பார்பர்ஸ் போல்’: எல்லாரும் ஒரே திசையில் சுற்ற, ரிப்பன் கம்பத்தில் வரிவரியாக இறங்கும். பிழை விட இடமே இல்லாத ஆட்டம், இயர் 1 கூடச் செய்யும். பிறகு ‘சிலந்தி வலை’: ஒற்றைகள் ரிப்பனை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க, இரட்டைகள் அவர்களுக்கு உள்ளும் வெளியுமாக நெளிவார்கள். மூன்றாம் நாள்தான் முழுப் பின்னல்.

முழுப் பின்னலில் கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒரு பிள்ளை இரண்டு முறை தொடர்ந்து உள்ளே போய்விடும். ரிப்பன் தொய்ந்து அடுத்தவர் தோளில் விழும். மூன்றாவது, கம்பத்தில் பின்னல் இறங்க இறங்க ரிப்பன் குட்டையாகும், வட்டம் சுருங்கும், பிள்ளைகள் முட்டிக்கொள்வார்கள். கம்பத்துக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒன்றரை மீட்டர் இருக்கும்போதே நிறுத்தித் திரும்புங்கள். ரிப்பன் தொய்யாமல் இருக்க, முழங்கையை மடக்கி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டு உடம்பைச் சற்றே வெளிப்பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் ரிப்பனை விரலில் சுற்றிக்கொள்வார்கள். அதை விடக் கூடாது. யாராவது விழுந்தால் விரல் மாட்டிக்கொள்ளும்.

இசைக்கு 6/8 தாளத்தில் ஒரு ‘ஜிக்’ நடன மெட்டு, 32 பார் (தாளக் கட்டம்) உள்ளது. அதில் 64 அடி இருக்கும். முதல் 32 அடியில் பின்னினால் மற்ற 32இல் பிரிக்கலாம். எத்தனை அடியில் பின்னினோமோ அத்தனை அடியில் பிரித்தால்தான் முதல் இடத்துக்கு வருவார்கள். திரும்பும் இடத்தில் எல்லாரும் நின்று, முழுதாகத் திரும்பி, கடைசியாக வெளியே போனவர் இப்போது முதலில் வெளியே. இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுவார்கள். அந்த ஒரு திருப்பத்தை மட்டும் பத்து முறை பழக்குங்கள்.

பெற்றோர் முன்னால் பிழை விழுந்தால் பிரிக்கப் போகாதீர்கள். பின்னிக்கொண்டே போய், வணங்கி முடித்துவிடுங்கள். யாருக்கும் தெரியாது. பிரிக்கப் போனால்தான் முடிச்சு விழும். காற்றடிக்கிற நாளில் வெளியே வைக்காதீர்கள். உள்ளே என்றால் அடித்தட்டின் கால்களில் பாரம் வேண்டும், அல்லது காலுக்கு ஒருவராக நாலு பிள்ளைகள் உட்கார வேண்டும். பதினாறு பேர் ஒரு பக்கம் இழுத்தால் கம்பம் சாயும். முடிந்ததும் ரிப்பனை ஒவ்வொன்றாகச் சுருட்டி ரப்பர் வளையம் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த நாள் முதல் அரைமணி சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

பழைய கையேடுகளில் ‘ஜிப்சி டென்ட்’ என்று ஓர் ஆட்டம் இருக்கும். பெயரை ‘கூடாரம்’ என்று மாற்றிவிடுங்கள். ஜிப்சி, ரோமா குடும்பத்துப் பிள்ளைகள் உள்ள பள்ளிகளில் அது உறுத்தும்.

மோரிஸ் என்ற ஆங்கில நாட்டுப்புற நடனமும் வைப்பதாக இருந்தால் (வில்லியம் மோரிஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை, பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்) ஆறு பேர், மும்மூன்றாக இரண்டு வரிசை. அடி ஒன்று-இரண்டு-மூன்று-தத்து. நாலாவதில் ஒற்றைக்காலில் சின்னதாகத் தத்த வேண்டும். இணையத்தில் படம் தேடும்போது கவனம்: இங்கிலாந்து-வேல்ஸ் எல்லைப்புற மோரிஸ் குழுக்களில் முகத்தில் கறுப்பு பூசும் வழக்கம் இருந்தது. முழு முகக் கறுப்பை விடுவதென்று மோரிஸ் அமைப்புகள் 2020இல் முடிவெடுத்தன. பழைய படங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நீலத்தூரிகை:

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. லைனிங் பேப்பர் கணக்கு அருமை. மாதிரிக்கு ஒரு தகடு போட்டுப் பார்த்ததில் முதல் அச்சு நன்றாக வந்தது, மூன்றாவதிலிருந்து கோடுகள் அடைத்துக்கொண்டன. தகடு கெட்டுவிட்டதா? வேல்ஸ் கரண்டிக்கு உப்பு மா போதுமா, களிமண்தான் வேண்டுமா?

வண்ணக்கிண்ணம்:

தகடு கெடவில்லை. ஒவ்வொரு அச்சுக்கும் புதிதாக மை பிதுக்கியிருப்பீர்கள். முதல் தடவைக்குப் பிறகு தட்டில் இருக்கும் மையையே உருட்டி எடுங்கள், மூன்று அச்சுக்கு ஒருமுறை மட்டும் கொஞ்சம் சேருங்கள். அடைத்த தகட்டை ஈரப் பஞ்சால் ஒற்றித் துடைத்து, காயவிட்டு, அதே கோட்டில் பென்சிலை இன்னொரு தடவை ஓட்டினால் சரி. தேய்த்தால் பள்ளம் மழுங்கிவிடும். இன்னொன்று, அழுத்துவதற்கு ரோலரை எடுக்காதீர்கள். உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். ரொம்ப அழுத்தினால் பொலிஸ்டைரீனே நசுங்கும், நசுங்கிய பள்ளம் திரும்ப வராது.

இரண்டு நிறம் வேண்டுமென்றால் வெளிர் நிறம் முதல் நாள், தகட்டைக் கழுவி இன்னும் கொஞ்சம் இடத்தை அழுத்தி, அடர் நிறம் மறுநாள் அதே கட்டத்தில். தகட்டின் பின்பக்கம் மேல் மூலையில் ஓர் அம்புக்குறி போட்டுவையுங்கள். தலைகீழாக வைத்து அடிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை.

களிமண்கை:

கரண்டிக்கு வருகிறேன். வேல்ஸில் பெண்ணுக்குக் கொடுக்க ஆண் மரத்தில் செதுக்குவது. தேதி பொறித்தவற்றில் செயின்ட் ஃபகன்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள 1667ஆம் ஆண்டுக் கரண்டி பெயர் பெற்றது. இதயம், சங்கிலி, குதிரை லாடம், கூண்டுக்குள் உருளும் குண்டு என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்வார்கள். ஏழு வயசுப் பிள்ளையிடம் காதல் பேச வேண்டியதில்லை, ‘வீட்டில் யாருக்குக் கொடுப்பாய், அவரைப் பற்றி என்ன செதுக்குவாய்’ என்று கேளுங்கள். மொழி தெரியாத பிள்ளையும் சின்னத்தால் சொல்லிவிடும். தன் வீட்டுச் சின்னம் ஒன்றைச் சேர்க்க விடுங்கள்.

உப்பு மா கணக்கு: இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, முக்கால் முதல் ஒரு கப் தண்ணீர். மலிவு, ஆனால் மூன்று கோளாறு. அடுப்பில் 100 டிகிரியில் மூன்று மணி நேரம் கேட்கும், முப்பது கரண்டிக்குப் பள்ளி அடுப்பு கிடைக்காது. ஈரக்காற்றில் உப்பு தண்ணீரை இழுத்து மறுபடி மெத்தென்று ஆகிவிடும், அதனால் இரு பக்கமும் அக்ரிலிக் வார்னிஷ் வேண்டும், பிவிஏ பசை போதாது. வகுப்பில் சீலியாக் நோய் (கோதுமைப் புரதம் ஒவ்வாத நோய்) உள்ள பிள்ளை இருந்தால் கோதுமை மாவை எடுக்கவே கூடாது, அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாக வேறு பொருள் கொடுப்பதும் சரியில்லை.

அதனால் காற்றில் காயும் களிமண். ஆளுக்கு 150 கிராம், முப்பது பேருக்கு நாலரை கிலோ, ஐந்து கிலோ வாங்குங்கள். இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் உயரச் சட்டம் வைத்து நடுவில் களியை உருட்டினால் எல்லாருக்கும் ஒரே தடிப்பு வரும். கரண்டி உடைவது கழுத்தில். வலுவுக்கு ஐஸ் குச்சி ஒன்றை உள்ளே வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். களி காயும்போது சுருங்கும், குச்சி சுருங்காது, நீளவாக்கில் வெடிக்கும். கழுத்தை இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் அகலமாக விடுவதே வழி. மேலே ஒட்டும் இதயமும் சங்கிலியும் சும்மா அழுத்தினால் காய்ந்ததும் உதிரும். இரண்டு பக்கமும் முள்கரண்டியால் கீறி, களியும் தண்ணீரும் கலந்த குழம்பு தடவி ஒட்ட வேண்டும்.

திங்கள், செவ்வாய் செய்தால் வியாழனுக்குக் காயும். பிளாஸ்டிக் மேல் வைத்தால் அடிப்பக்கம் ஈரமாக நின்று கரண்டி வளைந்துபோகும். கம்பி வலைத் தட்டில் வையுங்கள், ஒரு நாளில் திருப்பிப் போடுங்கள். ஹீட்டர் மேல் வைக்கவே வேண்டாம். வேலை முடிந்து மேசையைப் பெருக்காதீர்கள், ஈரப் பஞ்சால் துடையுங்கள். களிமண் தூசியில் சிலிக்கா இருக்கும்.

இயர் 6 சவர்க்காரத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் வெள்ளைக் கட்டி, புதிதாகப் பிரித்தது. பழசு வறண்டு பொடிப்பொடியாக உடையும். கத்தி வேண்டாம். தேக்கரண்டி விளிம்பு, ஐஸ் குச்சி, களிமண் கருவி போதும். ஹெப்வொர்த் வேக்ஃபீல்டில் 1903இல் பிறந்தவர், பிறகு செயின்ட் ஐவ்ஸ் ஊரில் வாழ்ந்தவர். சிற்பத்தை ஊடுருவிய துளைதான் அவருடைய கையெழுத்து. அந்தத் துளையை ஒரே பக்கத்திலிருந்து குடைந்தால் மறுபக்கம் பிளந்துகொண்டு வரும். இரண்டு பக்கமும் மாறி மாறி, கரண்டிக் காம்பை முறுக்கி முறுக்கி, நடுவில் சந்திக்க வேண்டும். துளையைச் சுற்றி ஒன்றரை சென்டிமீட்டர் சுவராவது இருக்கட்டும். துளையை முதலில் போடுங்கள், வெளி வடிவத்தைப் பிறகு குறையுங்கள். வழவழப்பாக்க ஈர விரல் போதும். எக்ஸிமா உள்ள பிள்ளைக்குக் கையுறை.

பாவுநூல்:

இயர் 4 டார்ட்டன் பற்றி யாரும் எழுதவில்லை. நிறக்கோடு போட்டதெல்லாம் டார்ட்டன் ஆகாது. பாவில் (நீளவாக்கு இழை) என்ன நிற வரிசையோ ஊடையிலும் (குறுக்கு இழை) அதே வரிசை, அதே எண்ணிக்கை. அந்த வரிசை ஒரு நடுக்கோட்டில் கண்ணாடி மாதிரித் திரும்பும். எளிய கணக்கு ஒன்று: நீலம் 6, பச்சை 4, சிவப்பு 2, பச்சை 4, நீலம் 6. மொத்தம் 22 இழை.

15க்கு 20 சென்டிமீட்டர் கெட்டி அட்டை. குட்டைப் பக்கம் இரண்டிலும் அரை சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு, 22 வெட்டு. பாவின் அகலம் 11 சென்டிமீட்டர் வரும். பெரியவர்கள் முதலே வெட்டி வையுங்கள், பிள்ளைகள் வெட்டினால் வாரத்தின் பாதி அதிலேயே கழியும். பாவைச் சுற்றும்போது விறைப்பாக இழுத்தால் அட்டை வில் மாதிரி வளையும். விரலால் தட்டினால் லேசாகத் துள்ளும் அளவு போதும்.

நெய்யும்போது இரண்டு தொல்லை. ஒன்று, ஓரம் உள்ளே இழுத்து உடுக்கை மாதிரி இடை சிறுத்துவிடும். ஊடையை நேராக இழுக்காமல் வானவில் மாதிரி வளைத்துப் படுக்கவைத்து, பிறகு சீப்பால் தட்டினால் இழுக்காது. இரண்டு, பிள்ளைகள் ஆசையாகத் தட்டோ தட்டென்று தட்டுவார்கள். ஊடை நெருங்கிவிட்டால் பாவு மறைந்துபோகும், சதுரம் சப்பையாகிவிடும், டார்ட்டன் போய்ப் பட்டைக் கோடுதான் தெரியும். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு ஊடைதான். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். சரியாக வந்தால் நீலப் பாவும் பச்சை ஊடையும் சேரும் கட்டத்தில் மூன்றாவதாக ஒரு கலப்பு நிறம் தெரியும், பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கும்போது வகுப்பே அமைதியாகிவிடும். உண்மையான டார்ட்டன் இரண்டு மேல் இரண்டு கீழாக நெய்து சாய்வரி விழுவது. எட்டு வயசுக்கு ஒன்று மேல் ஒன்று கீழ் போதும், வித்தியாசத்தைத் துணியில் காட்டுங்கள்.

பெயர் வைத்து, எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி ஒட்டட்டும். ஸ்கொட்லாந்தில் டார்ட்டன்களுக்கு அரசுப் பதிவேடே இருக்கிறது, 2008இல் சட்டம் போட்டு உண்டாக்கியது. 1746 சட்டம் ஹைலண்ட் உடையைத் தடைசெய்தது, 1782இல்தான் அந்தத் தடை நீங்கியது. ‘உடுப்புக்குத் தடையா’ என்று பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள், நல்ல பேச்சுக்கு இடம்.

நேரம் மிஞ்சினால் பெய்ஸ்லி. நம் புடவைக் கரையில் மாங்காய் என்று சொல்வதைத்தான் இங்கே பெய்ஸ்லி என்கிறார்கள். காஷ்மீர் சால்வையில் வந்த வடிவத்தை ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி ஊர் நெசவாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் நெய்து குவித்தார்கள், ஊர்ப் பெயரே வடிவத்துக்கு ஒட்டிக்கொண்டது. ‘பிரிட்டிஷ் பண்பாடு’ எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதை விட எளிய சாட்சி வேண்டாம். பெற்றோரிடம் ஒரு புடவையோ சால்வையோ காட்டத்தான் என்று இரவல் கேளுங்கள், கத்தரிக்கோல் பக்கம் விடாதீர்கள்.

கார்னிவலையும் வெறும் இறகும் மினுக்கமுமாக விட்டுவிடாதீர்கள். 1958 நொட்டிங் ஹில் கலவரத்துக்குப் பிறகு, டிரினிடாட்டில் பிறந்த கிளோடியா ஜோன்ஸ் 1959 ஜனவரியில் செயின்ட் பாங்க்ராஸ் டவுன் ஹாலில் உள்ளரங்கக் கார்னிவல் நடத்தினார். தெருவுக்கு வந்தது 1966. தலையணி செய்ய 5 சென்டிமீட்டர் அகல அட்டைப் பட்டி ஒன்று தலையைச் சுற்றி, இன்னொன்று காதிலிருந்து காதுக்கு உச்சி வழியாக. உச்சிப்பட்டி இல்லாமல் இறகு ஒட்டினால் முன்பாரம் தாங்காமல் கண்ணில் வந்து விழும். இறகுகளைப் பட்டியின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

நீலத்தூரிகை:

லௌரி மட்டும் பாக்கி. அதோடு கொடியே வேண்டாம் என்கிறீர்களா? ரிசப்ஷன் டீச்சர் கேட்கிறார்.

வண்ணக்கிண்ணம்:

லௌரி ஐந்தே நிறத்தில் வரைந்தவர்: கறுப்பு, வெர்மிலியன் சிவப்பு, பிரஷ்யன் நீலம், மஞ்சள் காவி, வெள்ளை. அந்த ஐந்தையும் மட்டும் மேசையில் வையுங்கள், பச்சை கேட்டால் கலந்து எடுக்கட்டும். அவர் பாவித்த ஃப்ளேக் வெள்ளை ஈயம் கலந்தது. பள்ளிப் பெயிண்டில் அது இருக்காது, சாதாரண வெள்ளை போதும். திங்கள் வெள்ளைப் பின்னணி, செவ்வாய் கட்டடம், புதன் மனிதர். ஒரே நாளில் செய்தால் கறுப்பு வெள்ளையில் ஓடி எல்லாம் சாம்பல். கட்டடத்துக்கும் புகைபோக்கிக்கும் அட்டை விளிம்பைப் பெயிண்டில் தொட்டு அடியுங்கள். மனிதரைக் குச்சி உருவம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவர்கள் முன்னால் சாய்ந்து, கனத்த காலணியோடு நடப்பவர்கள். தாளின் மேலே போகப் போகச் சின்னதாக வேண்டும். லௌரி 1976இல் இறந்தவர், பதிப்புரிமை 2046 முடியும் வரை உண்டு. அவர் படத்தைப் பள்ளி வலைத்தளத்தில் போடாதீர்கள். மோரிஸுக்கு அந்தக் கவலை இல்லை.

பின்னல்கோல்:

கொடி செய்யலாம், சரியாகச் செய்தால். செயின்ட் ஜோர்ஜ், செயின்ட் அண்ட்ரூ, செயின்ட் பட்ரிக் மூன்று சிலுவையும் மூன்று டிரேசிங் தாளில். ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் 1801இன் கொடி. முதல் இரண்டு மட்டும் என்றால் 1606. சிவப்புக் குறுக்குக்கோடு வெள்ளையின் நடுவில் இல்லை, விலகி இருக்கும். கம்பத்துப் பக்கம், மேல்பாதியில் அகல வெள்ளை சிவப்புக்கு மேலே வர வேண்டும், இல்லையென்றால் தலைகீழ். கடைத் தோரணத்தையே தலைகீழாகக் கட்டியிருப்பார்கள், போய்ப் பாருங்கள். ‘டிராகன் எங்கே’ என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். வேல்ஸ் அதற்கு முன்பே இங்கிலாந்தோடு சேர்க்கப்பட்டிருந்ததால் தனி இடம் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆனால் இது ரிசப்ஷனுக்கு இல்லை, இயர் 5, 6க்கு.

நீலத்தூரிகை:

சரி. வெள்ளி ஹால் ஒழுங்கில் ஏதாவது கவனிக்க வேண்டுமா? அச்சுச் சுருள் ஈரமாக இருந்தால் என்ன செய்வது?

களிமண்கை:

அச்சு வேலையைப் புதன் பின்னேரத்தோடு நிறுத்துங்கள். மை தடித்த இடங்கள் காய ஒரு முழு இரவு வேண்டும். நடைபாதையில் விரித்தே வையுங்கள். சுருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி, இடையில் பேக்கிங் பேப்பர் வைத்து, தளர்வாக. தொங்கவிட மேல் ஓரத்தை ஒரு மரச் சட்டத்தில் சுற்றி ஸ்டேப்பிள் அடியுங்கள். வெறும் ஒட்டுநாடாவில் தொங்கினால் இரண்டு மணிக்குள் பாரம் இழுத்துக் கிழியும். மேபோல் ஹாலின் நடுவில் நிற்பதால் சிற்ப மேசைகளைச் சுவரோரம் போடுங்கள், கம்பத்திலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி. ஸ்கோன் வைப்பதானால் பால், முட்டை, கோதுமை என்று ஒவ்வாமைச் சீட்டு தட்டுக்குப் பக்கத்தில். சவர்க்காரச் சிற்பத்தின் பக்கத்தில் மட்டும் அந்தத் தட்டு வேண்டாம். வெள்ளையாக, வழவழப்பாக, கையளவில் இருக்கும் அதை ரிசப்ஷன் பிள்ளை ஒன்று கட்டாயம் கடித்துப் பார்க்கும்.